கடல் உணவு பாஸ்தா: சாஸ் உருவாகும் கடைசி இரண்டு நிமிடம்

வீட்டில் முதன்முறையாக இறால் பாஸ்தாவோ மட்டி (ஆங்கிலத்தில் கிளாம் எனும் சிறு சிப்பி) பாஸ்தாவோ செய்கிறவர்களிடம் மூன்று குறைகளைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். இறால் ரப்பராகிவிட்டது. சாஸ் தட்டின் அடியில் தேங்கிவிட்டது, பாஸ்தா மேலே வெறுமனே கிடக்கிறது. கடல் வாசனையைக் காணோம், பூண்டும் மிளகாயும்தான் நாக்கில் நிற்கின்றன.

மூன்றும் ஒரே பழக்கத்திலிருந்து வருகின்றன. சாஸை ஓர் அடுப்பில் கொதிக்க வைத்து, அதிலேயே இறாலையும் போட்டு வேகவிட்டு, பாஸ்தாவை இன்னோர் அடுப்பில் வேகவைத்து வடித்து, கடைசியில் இரண்டையும் கலந்துவிடுகிறோம். சோறு தனி, குழம்பு தனி என்று சமைத்துப் பழகிய கை அப்படித்தான் போகும். இத்தாலியின் கடற்கரை ஊர்களில், குறிப்பாக நாப்போலியில் (நேப்பிள்ஸ்), இந்தச் சமையலின் அமைப்பே வேறு. அங்கே மட்டி பாஸ்தாவுக்கு சாஸ் என்று தனியாக எதுவும் அடுப்பில் கொதிப்பதில்லை. மட்டி விடும் சாறு, பாஸ்தா வெந்த கஞ்சி, ஆலிவ் எண்ணெய் மூன்றும் ஒரே வாணலியில் கடைசி இரண்டு நிமிடத்தில் ஒன்று சேர்கின்றன. சாஸ் அப்போதுதான் உருவாகிறது.

இந்த இரண்டு நிமிடம் புரிந்துவிட்டால் செய்முறைக் குறிப்பே தேவைப்படாது. மட்டி, இறால், கணவாய், மத்தி என எது கிடைத்தாலும் கை தானாகப் பழகிவிடும். விளக்கத்துக்கு நாப்போலியின் 'ஸ்பகெட்டி அல்லே வொங்கோலே', அதாவது மட்டி போட்ட ஸ்பகெட்டியை எடுத்துக்கொள்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு அந்த ஊரில் பல வீடுகளில் இதுதான் சாப்பாடு. அன்று இறைச்சி சாப்பிடாத வழக்கம், அதனால் கடல் உணவு. தக்காளி போடாமல் வெள்ளையாகச் செய்வதும் உண்டு, நாலைந்து செர்ரி தக்காளியை நசுக்கிப் போடுவதும் உண்டு. எது சரி என்று அங்கேயே இன்னும் சண்டை ஓயவில்லை. கற்றுக்கொள்ள வெள்ளைதான் நல்லது, ஏனென்றால் அதில் எதையும் மறைக்க முடியாது.

கஞ்சி என்ன வேலை செய்கிறது

எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது தெரிந்த விஷயம். மட்டிச் சாறு ஏறக்குறைய உப்புத் தண்ணீர். அதில் ஆலிவ் எண்ணெயை ஊற்றினால் மேலே வட்டம் வட்டமாக மிதக்கும். இதை அப்படியே ஸ்பகெட்டி மேல் ஊற்றினால் எண்ணெய் கொஞ்சம் ஒட்டும், சாறு நேராகத் தட்டின் அடிக்குப் போய்விடும்.

பாஸ்தா வேகும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். கோதுமை மாவுச்சத்தின் மணிகள் தண்ணீரை உறிஞ்சி, 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் உப்பத் தொடங்குகின்றன. மேற்பரப்பில் இருக்கும் மணிகள் சில வெடித்து, மாவுச்சத்து தண்ணீரில் கசிகிறது. பத்து நிமிடத்தில் தண்ணீர் கலங்கலாகிவிடும். சோறு வடித்த கஞ்சியை விட மெல்லியது, ஆனால் குணம் அதேதான். பலர் இதைச் சிங்க்கில் கொட்டிவிடுகிறார்கள். சாஸின் பாதி அங்கேயே போய்விடுகிறது.

இந்தக் கஞ்சியை எண்ணெயும் சாறும் இருக்கும் வாணலியில் ஊற்றி, பாஸ்தாவோடு சேர்த்து வேகமாகக் குலுக்கினால், எண்ணெய் மிக நுண்ணிய துளிகளாக உடைகிறது. சாதாரணமாக அந்தத் துளிகள் அடுத்த நிமிடமே ஒன்றோடொன்று சேர்ந்து மறுபடி மேலே மிதக்க வரும். மாவுச்சத்து இருந்தால் தண்ணீர் கொழகொழப்பாகிவிடுவதால் துளிகளால் நகர்ந்து சேர முடியாது. விளைவு, லேசான வெள்ளை நிறத்தில், கரண்டியில் ஒட்டும் அளவுக்குத் திடமான ஒரு சாஸ். அறிவியல் பாடத்தில் இதைப் பால்மம் என்று படித்திருப்போம். கிரீம் ஒரு சொட்டு கூடப் போடாமல் உணவகத்து வொங்கோலே பால் போட்டது மாதிரி தெரிவது இதனால்தான். இத்தாலியச் சமையல்காரர்கள் இந்தக் கடைசிக் குலுக்கலை 'மாந்தெகாத்தூரா' என்பார்கள். பெயரை மறந்தாலும் பரவாயில்லை, வேலையை மறக்க வேண்டாம்.

இதிலிருந்து சில நடைமுறை விஷயங்கள் தானாகவே வருகின்றன. வெந்த பாஸ்தாவைக் குழாயடியில் அலசக் கூடாது, மேலே ஒட்டியிருக்கும் மாவுச்சத்துதான் சாஸைப் பிடித்துக்கொள்ளும். கொதிக்கிற தண்ணீரில் எண்ணெய் ஊற்றுவதால் ஒரு பயனும் இல்லை. அது மேலேயே மிதக்கும், பாஸ்தா ஒட்டாமல் இருக்க முதல் இரண்டு நிமிடம் கிளறிவிட்டாலே போதும். தண்ணீரும் அண்டா நிறைய வேண்டாம். இத்தாலியில் சொல்லும் வழக்கமான கணக்கு 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. கடல் உணவுக்கு நான் தண்ணீரை இன்னும் குறைப்பேன். 200 கிராமுக்கு ஒன்றரை லிட்டர் போதும், கஞ்சி கெட்டியாகக் கிடைக்கும். உப்பையும் பாதியாகக் குறைக்க வேண்டும், காரணம் கீழே வருகிறது. பாஸ்தா தண்ணீர் கடல் நீர் மாதிரி உப்பாக இருக்க வேண்டும் என்று சிலர் சொல்வதை அப்படியே செய்துவிடாதீர்கள். கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. வாயில் வைக்க முடியாது.

எந்த பாஸ்தா

நீளமானது. ஸ்பகெட்டி, அதைவிடக் கொஞ்சம் தட்டையான லிங்வினே, இல்லையென்றால் வெர்மிச்செல்லி. (இந்த வெர்மிச்செல்லி நம் கடைச் சேமியா இல்லை, ஸ்பகெட்டியை விடத் தடிமனான வகை.) மெல்லிய சாறு நீளப் பாஸ்தாவின் மேல் முழுக்கப் படரும். மட்டி மாதிரி சின்னத் துண்டுகள் குழாய் வடிவ பாஸ்தாவில் தனித்தனியாக உருண்டு போய்விடும்.

உலர்ந்த பாஸ்தாவாக, டியூரம் கோதுமை ரவையில் செய்ததாக இருக்க வேண்டும். முட்டை சேர்த்த புது பாஸ்தா வேண்டாம். டியூரம் கெட்டியான கோதுமை, புரதம் அதிகம். அந்தப் புரத வலைதான் பாஸ்தா வாணலியில் குலுக்கப்படும்போதும் உடையாமல் காக்கிறது. உலர் பாஸ்தாவை டியூரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-ல் இத்தாலி சட்டமே போட்டது. நம் கடைகளில் கிடைக்கும் மைதா கலந்த மலிவுப் பாஸ்தா கடைசி இரண்டு நிமிடத்தைத் தாங்காது, குழைந்துவிடும். பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள்.

கையில் கொஞ்சம் காசு இருந்தால் இன்னொன்றும் பார்க்கலாம். நாப்போலிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கிறது கிரன்யானோ என்ற ஊர். மலைக்காற்றும் கடற்காற்றும் மாறி மாறி வீசும் அந்தத் தெருக்களில் ஒரு காலத்தில் நீளப் பாஸ்தாவைக் கழிகளில் தொங்கவிட்டு உலர்த்தினார்கள். கிரன்யானோ பாஸ்தாவுக்கு 2013-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. அங்கே மாவை வெண்கல அச்சு வழியாகப் பிழிகிறார்கள். அதனால் மேற்பரப்பு சொரசொரப்பாக, மாவு தூவியது போல வெளிறித் தெரியும். டெஃப்லான் அச்சில் பிழிந்தது மஞ்சளாகப் பளபளக்கும். சொரசொரப்பானது தண்ணீரில் அதிக மாவுச்சத்தை விடும், சாஸையும் நன்றாகப் பிடிக்கும். வெண்கல அச்சு என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் அதை எடுங்கள், ஊர் எதுவானாலும் சரி.

மட்டியைக் கையாளுவது

இந்தச் சமையலில் நேரம் கேட்பது இது ஒன்றுதான்.

நாப்போலியில் கேட்டு வாங்குவது 'வொங்கோலா வெராச்சே' என்ற மட்டி. ஓட்டுக்குள்ளிருந்து இரண்டு சின்னக் குழாய்கள் பிரிந்து கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அது அசல் என்று சந்தையில் அடையாளம் சொல்வார்கள். ஆனால் இன்று இத்தாலியில் அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பங்கு ஆசியாவிலிருந்து வந்த மணிலா மட்டி. 1983-ல் வெனிஸ் கடற்கழியில் வளர்ப்புக்காகக் கொண்டுவந்து விட்டார்கள், அது அங்கே பெருகி உள்ளூர் மட்டியை ஓரம்கட்டிவிட்டது. பிறகு அதற்கும் ஒரு வினை வந்தது. அட்லாண்டிக்கின் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த நீல நண்டு வட இத்தாலியின் 'போ' ஆற்று முகத்துவாரப் பகுதியில் பெருகி, 2023-ல் மட்டி வளர்ப்புப் பாத்திகளைத் தின்று தீர்த்தது. அரசு நிதி ஒதுக்கி நண்டைப் பிடிக்கச் சொன்னது. கூடவே, பிடித்த நண்டைச் சாப்பிட்டுத் தீர்ப்போம் என்ற பேச்சும் கிளம்பியது. மட்டியைத் தின்ற நண்டு பாஸ்தாவுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

சரி, மட்டிக்கு வருவோம். உயிரோடு இருக்க வேண்டும். ஓடு மூடியிருக்க வேண்டும். லேசாகத் திறந்திருந்தால் இன்னொரு மட்டியால் தட்டிப் பாருங்கள், உயிருள்ளது மெல்ல மூடிக்கொள்ளும். மூடாததையும் ஓடு உடைந்ததையும் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். மட்டி கடல் நீரை வடிகட்டி உண்ணும் பிராணி, தண்ணீரில் இருக்கும் அழுக்கும் கிருமியும் அதன் உடம்பில் சேரும். இத்தாலியில் மட்டியை வலைப்பையில் கட்டி, எந்த மையத்திலிருந்து எப்போது அனுப்பியது என்ற சீட்டோடுதான் விற்க வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் எந்தத் தண்ணீரில் எடுத்தது என்று விற்பவரிடம் கேட்பது அவசியம். சாக்கடை கலக்கும் கழிமுகத்து மட்டியை எவ்வளவு அலசினாலும் பயனில்லை. சிப்பி வகை ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

அடுத்தது மணல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம் உப்பு கரைத்து, அதில் மட்டியை இரண்டு மூன்று மணி நேரம் வெளிச்சம் இல்லாத குளிர்ந்த இடத்தில் விடுங்கள். கடல் என்று நம்பி அது குழாயை நீட்டி மணலைத் துப்பும். வெறும் குழாய்த் தண்ணீரில் போட்டால் வாயை மூடிக்கொள்ளும், பிறகு செத்தும் போகும். பாத்திரத்துக்குள் ஒரு சல்லடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் மட்டியை வைத்தால், துப்பிய மணல் கீழே இறங்கிவிடும், திரும்ப உறிஞ்சாது. எடுக்கும்போது கையால் அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தோடு சல்லடையில் கவிழ்த்தால் அடியில் இருந்த மணல் எல்லாம் மறுபடி மேலேயே கொட்டும்.

கடைசியாக ஒரு நாப்போலி வழக்கம். ஒவ்வொரு மட்டியையும் பலகை மேல் ஒருமுறை தட்டிப் போடுவார்கள். உள்ளே மட்டி செத்துச் சேறு மட்டும் நிரம்பிய ஓடு, வெளியே மூடியே தெரியும். தட்டினால் பிளந்து கறுப்புச் சேறு கொட்டும். அப்படிப்பட்டது ஒன்று வாணலிக்குள் போனால் மொத்தச் சாறும் வீண். அலுப்பான வேலைதான், ஆனால் விடாதீர்கள்.

அடுப்பில்

இரண்டு பேருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி, ஓட்டோடு முக்கால் கிலோ மட்டி, நான்கைந்து மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், இரண்டு பூண்டுப் பல், ஒரு காய்ந்த மிளகாய், ஒரு பிடி பார்ஸ்லி இலை. இந்த அளவுக்கு மேல் ஒரே வாணலியில் செய்ய முயல வேண்டாம். நான்கு பேருக்கு என்றால் வாணலி கனத்துவிடும், குலுக்க முடியாது, குலுக்காவிட்டால் சாஸ் சேராது. பெரிய உணவகங்களில்கூட இதை இரண்டு மூன்று தட்டு அளவாகத்தான் போடுகிறார்கள்.

தண்ணீர் கொதிக்கட்டும். பக்கத்தில் அகலமான வாணலியில் பாதி எண்ணெயும் நசுக்கிய ஒரு பூண்டும் போட்டுச் சிறு தீயில் வையுங்கள். பூண்டு பொன்னிறத்துக்கு வரும் முன்பே, தண்ணீர் நன்றாக வடித்த மட்டியைக் கொட்டி, தீயைக் கூட்டி, மூடி போடுங்கள். இரண்டிலிருந்து நான்கு நிமிடத்தில் ஓடுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். எல்லாம் திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். திறந்தவற்றை உடனுக்குடன் இடுக்கியால் எடுத்துத் தனியே வையுங்கள். கடைசி வரை திறக்காமல் அடம்பிடிப்பதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வாணலியில் மிஞ்சியிருக்கும் சாம்பல் நிறத் தண்ணீர்தான் மொத்தச் சமையலின் உயிர். மட்டிக்கே உரிய அந்தச் சுவைக்கு அமினோ அமிலங்களோடு சக்சினிக் அமிலமும் காரணம், அதெல்லாம் இந்தச் சாறில்தான் இறங்கியிருக்கிறது. மெல்லிய துணியில் வடிகட்டுங்கள், எஞ்சிய மணல் தங்கிவிடும். இப்போது ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். எவ்வளவு உப்பு என்று தெரியும். பாஸ்தா தண்ணீரில் உப்பைக் குறைக்கச் சொன்னது இதனால்தான். இந்தச் சாறு இன்னும் சுண்டப்போகிறது, உப்பு இன்னும் ஏறும். தனியாக உப்பே போட வேண்டாம்.

மட்டி ஆறும்போது பாதியை ஓட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். மீதி அழகுக்காக ஓட்டோடு இருக்கட்டும்.

ஸ்பகெட்டியைக் கொதிநீரில் போடுங்கள். பாக்கெட்டில் 10 நிமிடம் என்றிருந்தால் 7 நிமிடத்தில் எடுக்க வேண்டும். கடித்துப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும், பல்லுக்கு எதிர்ப்பு இருக்கும். வேகவில்லையே என்று பதற வேண்டாம். மீதி மூன்று நிமிட வேக்காட்டை அது மட்டிச் சாறில் முடிக்கப்போகிறது, தண்ணீரை உறிஞ்சும் இடத்தில் சாறை உறிஞ்சும். வெந்து முடிந்த பாஸ்தாவுக்கு உறிஞ்ச இடம் இருக்காது, சாறு வெளியேதான் நிற்கும். கடல் வாசனையைக் காணோம் என்ற புகாருக்கு இதுதான் மருந்து.

அதே வாணலியைத் துடைத்து, எண்ணெய் கொஞ்சம், இன்னொரு பூண்டு, மிளகாய். பூண்டு வாசம் வந்ததும் வடிகட்டிய சாறை ஊற்றுங்கள். ஸ்பகெட்டியை வடிகட்டாமல் இடுக்கியால் தண்ணீர் சொட்டச் சொட்ட எடுத்து வாணலிக்கு மாற்றுங்கள். ஒரு கரண்டி கஞ்சி ஊற்றுங்கள். தீ நன்றாக எரியட்டும். இப்போது நிற்காமல் கிளற வேண்டும், வாணலியை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். உணவகத்தில் தூக்கிப் போட்டுப் பிடிப்பது வித்தை காட்ட மட்டும் இல்லை, எண்ணெயை உடைக்க அந்த வேகம் தேவை. வீட்டில் இடுக்கியால் வட்டமாகச் சுழற்றினாலும் போதும். தண்ணீர் வற்றினால் இன்னும் அரைக் கரண்டி கஞ்சி.

எப்போது நிறுத்துவது? வாணலியைச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீராக ஓடினால் இன்னும் ஆகவில்லை. எதுவுமே நகராமல் பாஸ்தா கட்டியாகப் புரண்டால் அதிகம் வற்றிவிட்டது. சாஸ் மெல்ல நகர்ந்து ஓரத்தில் சேர வேண்டும். தட்டுக்குப் போன பிறகும் அது இறுகும் என்பதால், சாப்பிட வேண்டிய பதத்துக்குக் கொஞ்சம் முன்பே, இன்னும் இளக்கமாக இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகு மட்டி, பார்ஸ்லி, காய்ச்சாத ஆலிவ் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. அரை நிமிடம் மறுபடி குலுக்கல். முடிந்தது.

எண்ணெய் பிரிந்து நின்றுவிட்டால்? தீயை அணைத்து, சூடான கஞ்சி இரண்டு கரண்டி விட்டு மறுபடி வேகமாகக் குலுக்குங்கள். பெரும்பாலும் திரும்பிவிடும். அதனால் சாப்பிட உட்காரும் வரை கஞ்சியைக் கொட்ட வேண்டாம்.

வெள்ளை ஒயின் பற்றிக் கேட்பார்கள். பல குறிப்புகளில் மட்டியைத் திறக்கும்போது அரை டம்ளர் ஊற்றச் சொல்லியிருக்கும். நாப்போலியிலேயே ஊற்றாதவர்கள் ஏராளம். மட்டி நன்றாக இருந்தால் ஒயின் இல்லாததை யாரும் கவனிக்க மாட்டார்கள். புளிப்பு வேண்டுமானால் கடைசியில் எலுமிச்சைத் தோலைச் சீவிப் போடலாம்.

மற்ற கடல் உணவுகள்

முறை ஒன்றுதான், நேரம்தான் மாறும். ஒவ்வொரு பிராணியையும் அதற்குரிய நேரம் மட்டும் வேகவைத்து வெளியே எடுத்து, சாறை மட்டும் வாணலியில் விட்டு, கடைசியில் திரும்பச் சேர்ப்பது.

ஆரம்பிப்பவர்களுக்கு மட்டியை விட இறால் எளிது. மணல் தொல்லை இல்லை. ஆனால் தலையும் ஓடும் இல்லாமல் சுத்தம் செய்த இறாலை வாங்கி வராதீர்கள், சாறு இருப்பதே அங்கேதான். தலையையும் ஓட்டையும் எண்ணெயில் ஐந்து நிமிடம் வதக்கிக் கரண்டியால் நசுக்குங்கள். எண்ணெய் செம்மஞ்சளாக மாறும். அஸ்டாசாந்தின் என்ற நிறமி இறாலின் ஓட்டில் ஒரு புரதத்தோடு கட்டுண்டு சாம்பல் நீலமாகக் கிடக்கும், சூடுபட்டதும் புரதம் பிரிந்து சிவப்பு வெளிவரும். அந்த நிறமி எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால் முதலில் எண்ணெயில் வதக்கல், பிறகுதான் தண்ணீர். இருபது நிமிடம் சிறு தீயில் கொதித்து வடித்தால் மட்டிச் சாறுக்கு ஈடான ஒன்று கிடைத்துவிடும். இறாலைத் தனியாக, பக்கத்துக்கு ஒரு நிமிடம் வாட்டி எடுத்து வைத்து, அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள். குலுக்கும்போது மீதி சூட்டில் அது முழுசாக வெந்துவிடும்.

ஊசிக்கணவாய்க்கு ஒரு விதி. இரண்டு மூன்று நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும், இல்லையென்றால் நாற்பது நிமிடத்துக்கு மேல் விட வேண்டும். நடுவில் நிறுத்தினால் மெல்லவே முடியாது. முதலில் தசை சுருங்கி இறுகுகிறது, வெகுநேரம் கழித்துத்தான் அதிலிருக்கும் கொலாஜன் கரைந்து மறுபடி மிருதுவாகிறது. பேய்க்கணவாய்க்கு (ஆக்டோபஸ்) நீண்ட வழி மட்டும்தான். ஓட்டுக்கணவாயின் மைப்பையை உடைத்துச் செய்யும் கறுப்புப் பாஸ்தா வெனிஸிலும் சிசிலியிலும் பேர்போனது. அதை மட்டும் நம் குழம்பு மாதிரி தனியாக, பொறுமையாக வேகவைக்கிறார்கள்.

மட்டி, கல்லுமக்காய், கணவாய், இறால் எல்லாம் கலந்து போடும் 'அல்லோ ஸ்கோலியோ' பார்க்கப் பிரமாதமாக இருக்கும். முதலில் சிப்பி வகைகளைத் திறந்து எடுத்துவிட்டு, அதே வாணலியில் கணவாய், கடைசியில் இறால். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மூடி வைத்தால் நான்கில் மூன்று பாழ். முதல் முயற்சிக்கு இது வேண்டாம்.

சிசிலியின் பலெர்மோவில் மத்தி மீன் பாஸ்தா இருக்கிறது. காட்டுப் பெருஞ்சீரகக் கீரை, உலர்திராட்சை, பைன் கொட்டை, குங்குமப்பூ, வறுத்த ரொட்டித் தூள். கீரை வெந்த தண்ணீரிலேயே பாஸ்தாவையும் வேகவைப்பார்கள், அதனால் கஞ்சியிலேயே கீரையின் மணம் ஏறிவிடும். மத்தி விலை குறைந்த மீன் என்று ஒதுக்குகிறவர்கள் இதை ஒருமுறை சாப்பிட வேண்டும்.

சமைக்கவே சோம்பலாக இருக்கும் நாளுக்கும் இரண்டு வழிகள் உண்டு. சார்டினியாவின் காப்ராஸ் பகுதியில் மடவை மீனின் சினையை உப்பிட்டு அழுத்தி உலர்த்தி 'பொத்தார்கா' செய்கிறார்கள். அடுப்பை அணைத்த பிறகு அதைப் பாஸ்தா மேல் துருவினால் போதும், தீயில் காட்டக் கூடாது. அமால்ஃபி கரையில் சேத்தாரா என்ற சிற்றூரில் நெத்திலி வகை மீனை உப்போடு மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் அடுக்கி வைத்து, அதிலிருந்து வடியும் தெளிந்த சாறைப் புட்டியில் பிடிக்கிறார்கள். 2020-ல் அதற்கும் ஐரோப்பியப் பாதுகாப்புப் பெயர் கிடைத்தது. பூண்டு, எண்ணெய், அந்தச் சாறு சில தேக்கரண்டி, கொஞ்சம் கஞ்சி, அவ்வளவுதான். அந்தப் பாஸ்தாவை உப்பே போடாத தண்ணீரில் வேகவைப்பார்கள்.

சீஸ், கிரீம், மசாலா

கடல் உணவு பாஸ்தா மேல் சீஸ் துருவினால் இத்தாலியர் முகம் சுளிப்பார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரும்பாலும் உண்மை. மட்டிச் சாறின் சுவை மெல்லியது, பழுத்த பார்மெசானின் உப்பும் கொழுப்பும் அதை முழுங்கிவிடும். ஆனால் இது எழுதாத சட்டம்தான், விதிவிலக்கும் அங்கேயே இருக்கிறது. நாப்போலிப் பக்கம் கல்லுமக்காய் பாஸ்தாவுக்கு செம்மறியாட்டுப் பால் சீஸான பெக்கொரினோ போடுவார்கள். கல்லுமக்காய்க்குத் தாங்கும் பலம் உண்டு. மட்டிக்கு வேண்டாம். மொறுமொறுப்பு வேண்டுமானால் சிசிலிக்காரர்கள் மாதிரி ரொட்டித் தூளை எண்ணெயில் வறுத்துத் தூவுங்கள், சீஸ் வாங்கக் காசில்லாத வீடுகளில் அதுதான் சீஸ்.

கிரீமை இத்தாலியே ஒரு காலத்தில் அள்ளி ஊற்றியது, 1980-களில் கிரீமும் சால்மனும் போட்ட பென்னே என்ற குழாய் வடிவப் பாஸ்தா அங்கே எங்கும் இருந்தது. இன்று கொஞ்சம் பழைய மோஸ்தராகிவிட்டது. கிரீம் போட்டால் சாஸ் கண்டிப்பாகப் பிடிக்கும், அதனால் ஆரம்பத்தில் பலரும் அதைத் தேடிப் போகிறார்கள். எல்லாக் கடல் உணவையும் ஒரே சுவையாக்கிவிடும் என்பதுதான் என் குறை. இறால் தொக்கில் பாஸ்தாவைப் புரட்டிச் சாப்பிடுவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை, நன்றாகவே இருக்கும். அது வேறு சாப்பாடு, அவ்வளவுதான். அதிலும்கூடக் கடைசியில் ஒரு கரண்டி கஞ்சி விட்டுப் பாருங்கள்.

மீந்ததை மறுநாளைக்கு வைக்க வேண்டாம். சாஸ் முழுவதையும் பாஸ்தா உறிஞ்சி ஊறிவிடும், சூடு பண்ணினால் மட்டி சுருங்கிக் கெட்டியாகும், ஓட்டு உயிரிகளை வைத்துச் சாப்பிடுவதில் வயிற்றுக்கும் ஆபத்து இருக்கிறது. அளவாகப் போடுங்கள்.

மட்டியே கிடைக்கவில்லை என்றாலும் நாப்போலியில் வழி உண்டு. 'வொங்கோலே ஃபுயூத்தே', அதாவது ஓடிப்போன மட்டி பாஸ்தா. மட்டி வாங்க வழியில்லாத வீட்டுச் சமையல். பூண்டு, எண்ணெய், மிளகாய், நசுக்கிய செர்ரி தக்காளி நாலைந்து, நிறையப் பார்ஸ்லி, கஞ்சி. சாறுதான் இல்லை, மற்றபடி குலுக்கல் முதல் பதம் வரை எல்லாம் அதே. காய்கறிக் கடையிலிருந்து வந்தவுடனே செய்து பார்க்கலாம் என்பதால், கை பழகும் வரை நான் இதையே செய்யச் சொல்வேன். தண்ணீரில் மட்டும் வழக்கமான உப்பு, லிட்டருக்கு 10 கிராம்.